கணினியோடு வந்த பிளேயரை நீக்கலாமா?

புதுக் கணினி வாங்கியதும் பலர் செய்கிற முதல் வேலை, கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் மென்பொருள்களைக் களையெடுப்பது. பாட்டும் படமும் ஓட்டுகிற மீடியா பிளேயர் அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும். விஎல்சி போன்ற இலவச பிளேயர் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும்போது இது எதற்கு என்பது ஒரு தரப்பின் வாதம். கம்பெனிக்காரன் காரணமில்லாமல் வைத்திருக்கமாட்டான், கைவைத்தால் வேறு ஏதாவது கெட்டுவிடும் என்பது இன்னொரு தரப்பின் அச்சம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முடிவெடுக்க உதவுகிற கேள்வி இரண்டிலும் இல்லை. அந்த மென்பொருளுக்கு இன்று பொறுப்பேற்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அந்தக் கேள்வி. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்கும்வரை பிளேயர் கிடந்துவிட்டுப் போகட்டும். அந்த ஆள் விலகிவிட்டால், நாம் தினமும் பயன்படுத்துகிற பிளேயராகவே இருந்தாலும் அதை நீக்கிவிட வேண்டும்.

இடமும் வேகமும் நீக்குவதற்கான நல்ல காரணங்கள் அல்ல. இன்றைய டிஸ்க்கில் ஒரு பிளேயர் பிடிக்கும் இடம், அதில் நாம் சேமித்து வைத்திருக்கும் ஒரே ஒரு திரைப்படத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. திறக்காத பிளேயர் கணினியைத் தாமதப்படுத்துவதும் இல்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கணினித் தயாரிப்பாளர் சேர்த்து அனுப்பும் சோதனைக் காலப் பிளேயர்களில் சில, கணினி தொடங்கும்போதே தாமும் எழுந்துகொண்டு, பணம் கட்டச் சொல்லி அவ்வப்போது நினைவூட்டும். அவற்றை நீக்க யாரும் யோசிக்கவே வேண்டாம். யோசிக்க வேண்டியது, சத்தமில்லாமல் ஓரமாகக் கிடக்கும் பிளேயரைப் பற்றித்தான்.

சும்மா கிடப்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு விண்டோஸுக்கான குயிக்டைம் நல்ல பாடம். ஆப்பிள் நிறுவனத்தின் இந்த பிளேயரைப் பலர் விரும்பித் தேடி நிறுவிக்கொள்ளவில்லை. 2011 வரை ஐடியூன்ஸ் இயங்குவதற்கு அது தேவைப்பட்டதால், ஐபாட் வாங்கியவர்களின் கணினிகளில் அதுவும் கூடவே குடியேறியது. தேவை தீர்ந்த பிறகும் அது அங்கேயே கிடந்தது. 2016 ஏப்ரலில் பாதுகாப்பு நிறுவனமான ட்ரெண்ட் மைக்ரோ, அதில் இரண்டு ஓட்டைகள் இருப்பதாகவும், விண்டோஸ் பதிப்புக்கு ஆப்பிள் இனித் திருத்தம் தரப்போவதில்லை என்றும் அறிவித்தது. கெட்ட நோக்கத்தோடு அமைக்கப்பட்ட ஒரு பக்கத்துக்குப் போனாலோ ஒரு ஃபைலைத் திறந்தாலோ போதும், கணினி அடுத்தவர் கைக்குப் போய்விடலாம். அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, திருத்தத்துக்குக் காத்திருங்கள் என்று சொல்லவில்லை. மென்பொருளையே நீக்கிவிடுங்கள் என்றது. வீடியோத் தொகுப்பாளர்களுக்கு மட்டும் அது எளிதாக இல்லை. அடோபி நிறுவனத்தின் தொகுப்பு மென்பொருள்கள் சில வீடியோ வடிவங்களைக் கையாள குயிக்டைமையே நம்பியிருந்தன. ஆனாலும் அந்தச் சிரமம் நீக்கும் முடிவைத் தவறாக்கவில்லை. தயாரித்தவரே கைகழுவிவிட்ட ஒன்றின்மேல் நம் வேலையைக் கட்டி வைக்கக்கூடாது என்பதைத்தான் அது காட்டியது.

எதிர்ப்பக்கத்துப் பாடம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்பது போட்டியாளர்களை நசுக்குகிறது என்று தீர்மானித்த ஐரோப்பிய ஆணையம், 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த வழக்கின் மற்ற குற்றச்சாட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. பிளேயர் இல்லாத ஒரு விண்டோஸையும் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2005-இல் விண்டோஸ் எக்ஸ்பி என் என்ற பெயரில் அது வந்தது. பிளேயர் உள்ள பதிப்புக்கும் இதற்கும் விலை ஒன்றே. அதே காசுக்குக் குறைவாகத் தருவதை யார் வாங்குவார்கள்? கணினித் தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, கடைகளிலும் அது போணியாகவில்லை. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது. சட்டத்தில் கிடைத்த வெற்றி சந்தையில் எதையும் மாற்றவில்லை. இந்த ‘என்’ பதிப்புகள் விண்டோஸ் 11 வரை தொடர்கின்றன. அவற்றை நிறுவியவர்களுக்குப் பாட்டு ஓட்டுவதில் மட்டுமல்லாமல் குரல் பதிவிலும் சில விளையாட்டுகளிலும்கூடச் சிக்கல் வருகிறது. அதைத் தீர்க்க மைக்ரோசாஃப்டே மீடியா ஃபீச்சர் பேக் என்று ஒரு தொகுப்பை இலவசமாகத் தருகிறது. எடுத்ததைத் திரும்ப வைப்பதற்கென்றே ஒரு தொகுப்பு.

ஏன் இப்படி? நாம் பிளேயர் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு முகப்பு மட்டுமே. ஒலியையும் படத்தையும் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது இயங்குதளத்துக்குள் இருக்கும் பொதுவான கோடெக்குகளும் நூலகங்களும். அவற்றைப் பிளேயர் மட்டுமல்லாமல் இன்னும் பல செயலிகளும் பயன்படுத்துகின்றன. ஆபத்தும் பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓட்டைகளில் ஒன்று, மிடி என்ற இசை ஃபைல்களை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்தது. 2015-இல் வெளிவந்த ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை இதையே ஆண்ட்ராய்டு போன்களில் காட்டியது. வீடியோவோடு ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், பயனர் எந்த பிளேயரையும் திறக்காமலே போன் தாக்கப்படக்கூடும் என்ற நிலை. ஆகவே, திரையில் தெரியும் சின்னத்தை நீக்கிவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பது, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கடையை மூடிவிட்டதாக நம்புவதற்குச் சமம். அடித்தளத்தைக் காப்பது மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் ஆதரவுக்குப் பதிவுசெய்யாமல் அந்தக் கணினியையே ஓட்டிக்கொண்டிருப்பவர் கவலைப்பட வேண்டியது பிளேயரைப் பற்றியல்ல, இயங்குதளத்தைப் பற்றி.

காசு கொடுத்து வாங்கிய கணினியில் எது இருக்க வேண்டும் என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உரிமை முழுமையாக உரிமையாளருக்கே இருக்க வேண்டும். அந்தத் திசையில் சில அடிகள் வைக்கப்பட்டும் இருக்கின்றன. 2009-இல் வந்த விண்டோஸ் 7, மீடியா பிளேயரை அணைத்து வைக்க வழி கொடுத்தது. ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகளைப் பயனர் எளிதாக நீக்க வழிவிட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதன் விளைவாக 2024-இல் அங்குள்ளவர்களுக்கு எட்ஜ் உலாவியைக்கூட நீக்க முடிந்தது. அதே வசதியை நம்மைப் போன்ற மற்ற நாட்டவர்களுக்கும் ஏன் தரவில்லை என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஒன்றை நீக்கும் உரிமை இருப்பதாலேயே அதை நீக்குவது புத்திசாலித்தனம் ஆகிவிடாது. ‘என்’ பதிப்பின் கதை சொல்வதும் இதைத்தான்.

இன்னொரு மறுப்பும் வரும்: மாற்று பிளேயர் கையில் இருக்கும்போது பழையதை ஏன் விட்டுவைக்க வேண்டும்? மாற்று பிளேயரும் பராமரிப்பு தேவைப்படும் மென்பொருள்தான் என்பதை இந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. விஎல்சியிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, அவ்வப்போது அடைக்கப்பட்டும் வருகின்றன. ஆனால் அந்தத் திருத்தம் நம்மிடம் வந்து சேர வேண்டும். 2022-இல் விஎல்சியின் அதிகாரப்பூர்வ இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த நாட்களில் ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்கிக்கொண்டவர், கணினியோடு வந்த பிளேயரைவிட ஆபத்தான ஒன்றைத் தானே உள்ளே அழைத்திருக்கக்கூடும். இயங்குதளத்தோடு வந்த பிளேயருக்கு உள்ள ஒரே பெரிய நன்மை, திருத்தங்கள் தானாக வந்து சேர்வது. அதை அற்பமாக நினைக்க வேண்டாம்.

ஆகவே, தானாக எழுந்து தொல்லை தருவதை நீக்குங்கள். தயாரித்தவர் கைவிட்டதைத் தயங்காமல் நீக்குங்கள். அதை நம்பியிருக்கும் வேலையை அதற்கு முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். திருத்தங்கள் தொடர்ந்து வருகிற பிளேயர் பிடிக்கவில்லை என்றால், ஃபைல்களை வேறொன்றில் திறக்கும்படி மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டுவிடுங்கள். இதைச் செய்யப் பயனருக்கு ஒரு தகவல் வேண்டும்: எந்த மென்பொருளுக்கு எந்தத் தேதிவரை பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். குயிக்டைம் கைவிடப்பட்ட செய்தியை அதைப் பயன்படுத்தியவர்களில் பலர் ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி அச்சிடப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கணினியோடு சேர்த்துத் தரும் மென்பொருளுக்கும் அப்படி ஒரு தேதியைக் கட்டாயமாக்கினால், நீக்குவதா வைத்திருப்பதா என்பதை யாரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.