செம்பா, இரிடியமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு லாரியைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். இக்கட்டுரையின் தலைப்பைக் கேட்டதுமே என் அறை நண்பன் சிரித்தான். "லாரிக்கு ஏதுடா ஸ்பார்க் பிளக்? அது டீசல் வண்டியாச்சே!" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரிய லாரிகள் டீசலில் ஓடுபவை. அவற்றில் காற்றை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பற்ற வைக்கிறார்கள். பொறிக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் காலம் மாறி வருகிறது. இயற்கை எரிவாயுவில் ஓடும் சரக்கு வண்டிகள் பெருகிவிட்டன. நாம் செல்லமாகக் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு லாரிகளில் பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடுபவை இன்று ஏராளம். இவை பிளக் இல்லாமல் ஓரடியும் நகரா. என் தந்தையார் ஓட்டுவதும் அத்தகைய எரிவாயு வண்டியே. இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். எங்கள் குடும்பத்தின் சோறும் என் கல்லூரிக் கட்டணமும் அந்த இரண்டு பிளக்குகளின் நுனியில்தான் நிற்கின்றன. ஆகவே இது எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

சந்தையில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. ஒன்று 'காப்பர் பிளக்'; விலை குறைவு. மற்றொன்று 'இரிடியம் பிளக்'. விலை ஐந்து மடங்குக்கும் மேல். எதை வாங்குவது?

முதலில் பெயரிலுள்ள மயக்கத்தைப் போக்கிக்கொள்வோம். காப்பர் பிளக்கில் பொறி பறக்கும் முனை செம்பு அன்று! அது நிக்கல் உலோகக் கலவை. வெப்பத்தை விரைந்து கடத்துவதற்காகச் செம்பு உள்ளே நடுத்தண்டாக மறைந்திருக்கிறது. அதே செம்புத் தண்டு பெரும்பாலான இரிடியம் பிளக்குகளின் உள்ளேயும் உண்டு. ஆகவே செம்புக்கும் இரிடியத்துக்கும் போட்டி என்பதே தவறு. முனையில் நிக்கலா, இரிடியமா என்பதே வழக்கு.

இனி முனைகளின் குணத்தைப் பார்ப்போம். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ். நிக்கலுக்கு 1455. இரிடியத்துக்கோ 2400 டிகிரிக்கும் மேல். 1803-இல் ஸ்மித்சன் டென்னண்ட் என்ற ஆங்கில வேதியியலறிஞர் கண்டறிந்த தனிமம் இது. இதன் உப்புகள் பல வண்ணம் காட்டியதால், வானவில்லுக்குரிய கிரேக்கத் தேவதையின் பெயரைச் சூட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் இரிடியத்தின் நிறை 22 கிராமுக்கும் அதிகம். பிளாட்டினம் எடுக்கும்போது துணைப்பொருளாகவே கிடைக்கிறது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதன் விலைக்கு இந்த அருமையே காரணம்.

ஒரு பிளக்கின் உழைப்பைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் ஒரு சிலிண்டரில் 1,000 பொறி. மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி 15,000 கிலோமீட்டரைக் கடக்க 500 மணி நேரம் ஆகும். அதற்குள் அந்தச் சிறு முனை 3 கோடி முறை பொறி கக்கியிருக்கும்! ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து அணுவளவு உலோகத்தைக் கொண்டு போகிறது. முனை தேய்கிறது, இடைவெளி அகல்கிறது, அகன்ற இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. இரிடியம் கடினமானது, எளிதில் உருகாதது. ஆகவே அதன் முனையை 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை மெல்லிதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் முனையோ சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன். கூர்மையான முனையில் மின்புலம் செறியும் என்று முதலாண்டிலேயே படித்தோம் அல்லவா? அதனால் மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாய்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் சென்ற ஆண்டு விடுமுறையில் வீட்டில் வாய் திறந்தேன். "அப்பா, இனிமே காப்பர் வேண்டாம். இரிடியம் போடுங்க. நாலு தடவை மாத்தறதுக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்" என்றேன். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். இருபது ஆண்டுகளாகத் தம் கையாலேயே பிளக்கைக் கழற்றி மாட்டுபவர். என்னிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "படிச்ச புள்ள சொல்றான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். நானே கடைக்குப் போனேன். இரண்டு இடங்களில் விலை கேட்டேன். குறைந்த விலை சொன்ன கடையில் ஒரு ஜோடியை 1,300 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

மூன்று மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் மாலை மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்பட்டார். அந்த மலைச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அறியாதவர் நம் கல்லூரியில் இல்லை. பாதி மலையில் ஒரு சிலிண்டர் பொறி தவறத் தொடங்கியது. வண்டி உதறியது; இழுவை போயிற்று. மேலும் ஏற முடியாமல், இருட்டில், பின்னால் வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரங்கட்டி நின்றார். பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் பழைய காப்பர் பிளக்குகளைக் கைவிளக்கு வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் மேலே போய்ச் சேர்ந்தார். காலையில் ஏற்ற வேண்டிய வாழைத்தார் வாடகை வேறொரு வண்டிக்குப் போய்விட்டது.

சமவெளியில் ஓடிய வண்டி மலையில் ஏன் தவறியது? பாஷன் 1889-இல் கூறிய விதியே விடை. வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் பெருகப் பெருக, பொறி பாயத் தேவையான மின்னழுத்தமும் பெருகும். சுமையோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. எரிவாயு எஞ்சினுக்குப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். இடைவெளியும் அகன்றிருந்தால் பொறி எங்கே பாயும்?

ஆனால் மூன்றே மாதத்தில் இரிடியம் தேயலாமா? அந்த இரண்டு பிளக்குகளையும் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். ஆசிரியரின் அனுமதியோடு, நம் ஆய்வகத்தின் நகரும் நுண்ணோக்கியில் வைத்து அளந்தேன். முனையின் விட்டம் 0.6 மில்லிமீட்டர் என்று அட்டைப்பெட்டி சொன்னது. என் அளவீடு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் காட்டியது. 0.8 இருக்க வேண்டிய இடைவெளி 1.2 ஆகியிருந்தது. முனை உருண்டு மழுங்கியிருந்தது. அது போலி. ஏதோ மலிவான உலோகத்தைக் கூர்சீவி இரிடியம் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.

நண்பர்களே, கடைக்காரரைக் குறை சொல்லி இக்கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. நுண்ணோக்கியின் வெர்னியர் அளவையைப் படிக்க முதலாண்டு முழுவதும் பழகியவன் நான். வாங்கிய அன்றே அளந்திருக்கலாம், அளக்கவில்லை. ஏன்? ஏட்டில் படித்த உருகுநிலை எனக்குப் போதுமானதாகத் தோன்றியது. அப்பாவும் அளக்கவில்லை, என் படிப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு சொல் சொன்னால் அதை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்க வேண்டிய கடமை முழுவதும் சொன்னவன் தலையில்தான் இருக்கிறது. அதை நான் மறந்தேன்.

சரி, போலி கிடக்கட்டும். அசல் இரிடியமே கிடைத்தால் எது இலாபம்? இம்முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் விலையில் காப்பர் பிளக் ஒன்று 120 ரூபாய், ஜோடி 240. எங்கள் வண்டிக்கு 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். 60,000 கிலோமீட்டருக்கு நான்கு ஜோடி, 960 ரூபாய். அதே தூரத்துக்கு அசல் இரிடியம் ஒரு ஜோடி போதும் என்று கொண்டாலும், நான் கொடுத்த விலைக்கே கிடைத்தாலும் 1,300 ரூபாய். ஆக, தம் கையாலேயே மாற்றிக்கொள்ளும் என் தந்தைக்குக் காப்பரே இலாபம். பட்டறைக்குப் போய் ஒவ்வொரு முறையும் 150 ரூபாய் கூலி கொடுப்பவருக்கோ காப்பர் 1,560 ஆகிறது. இரிடியம் 1,450-இல் முடிகிறது. ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது என்பதே விடையை மாற்றிவிடுகிறது!

அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் சரக்கு வண்டிகள் மிகுதி. அங்கே 'ஹெமி' என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக 16 பிளக்குகள். பதினாறையும் அடிக்கடி மாற்ற எவருக்குப் பொறுமை இருக்கும்? அங்கே நீண்டநாள் உழைக்கும் பிளக்கின் அருமை வேறு. அந்த நாட்டு வாதத்தை அப்படியே இரண்டு பிளக் வண்டிக்குப் பெயர்த்து வருவது பொருந்தாது.

அப்பாவின் பழக்கத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றும்போது எஞ்சினின் நாடியைப் பார்க்கிறார். எண்ணெய் ஏறியிருக்கிறதா, பீங்கானில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கண்டுகொள்கிறார். நீண்ட நாள் திறக்காத எஞ்சின் நோயை மறைத்து வைக்கும்.

எனினும் காப்பரே எல்லோருக்கும் நல்லது என்று நான் கூற வரவில்லை. இரிடியத்துக்கென்றே வடிவமைத்த எஞ்சினில் காப்பரைப் போட்டுவிட்டு மாற்ற மறந்தால், பொறி தவறி, எரியாத எரிபொருள் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு நூறு ஜோடி பிளக் வாங்கலாம். உலோகத்தைவிட முக்கியமானது பிளக்கின் வெப்ப எண். முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானே எரிந்து போகும். 900 டிகிரியைத் தொட்டால் பொறிக்கு முன்பே வாயு பற்றிக்கொள்ளும். இந்த எல்லைக்குள் நிற்கும் பிளக் எது என்பதை வண்டியின் கையேடு சொல்கிறது. ஆகவே முதலில் கையேடு; அடுத்து நம் சொந்தக் கணக்கு; மூன்றாவதாக, வாங்கியதை அளத்தல். இம்மூன்றையும் கடந்த பிறகே உலோகத்தின் பெருமை.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் நுண்குழாயின் விட்டத்தை அளக்கிறோம், பயனுள்ள பயிற்சிதான். ஆண்டுக்கு ஒரு நாளேனும் அவரவர் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அளக்க அனுமதியுங்கள். பிளக்கோ, எடைக்கல்லோ, பம்புசெட் கம்பியோ, எதுவாயினும் சரி. இங்கே படிக்கும் பலருடைய தந்தையரும் உழவர்கள், ஓட்டுநர்கள், தொழிலாளர்கள். ஏமாற்றும் பொருள்கள் முதலில் வந்து சேர்வது அவர்கள் கைக்கே.

இப்போது எங்கள் வண்டியில் காப்பர் பிளக்தான் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, நடந்ததையெல்லாம் அப்பாவிடம் விளக்கி, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அட, அதுக்கென்ன கண்ணு, அடுத்த ஜோடியும் நீயே வாங்கிட்டு வா. அந்தக் கண்ணாடியில வெச்சுப் பாத்துட்டு வா" என்றார்.

அளந்துவிட்டேன். நாளை ஊருக்குக் கொண்டு போகிறேன்.