நாய்ப்பல் கோட்டு!

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன். ரோட்டு தாரே உருகுற விருதுநகர் வெயில்ல, நம்ம ஜூனியர் ஒருத்தன் கம்பளிக் கோட்டு ஒண்ணை இரவல் வாங்கிட்டு வந்து நின்னான். கருப்பு வெள்ளையில் உடைஞ்ச கட்டம். "ட்வீட் துணிண்ணே, ஹவுண்ட்ஸ்டூத் டிசைன்!"னு ஒரே பில்டப். தமிழ்ல சொன்னா நாய்ப்பல். (பயப்படாதீங்க, கடிக்காது!)

பையனுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பா கைத்தறியில் சேலை நெய்கிறவர். ஆனா, பயோடேட்டாவில் அப்பா தொழில் 'பிசினஸ்'!

ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கோட்டுக் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நாலு கருப்பு, நாலு வெள்ளை. பாவும் அப்படித்தான், ஊடையும் அப்படித்தான் தம்பி. நாங்க ஒரு இழை மேல, ஒரு இழை கீழன்னு நெய்வோம். சின்னக் கட்டமா விழும். இவன் ரெண்டு மேல, ரெண்டு கீழன்னு போட்டு, ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு இழை தள்ளிக்கிட்டே போயிருக்கான். அதான் கட்டத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு."

அரை நிமிஷம்கூட ஆகலை! அந்தச் சாய்வையே இடமும் வலமுமா மாத்தி மாத்தித் திருப்பினா மீன்முள்ளாம். ஹெர்ரிங்போன்னு நாம பந்தா பண்றோமே, அதேதான். சாய்வு நெசவுக்கு ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ட்வீல்'. 1830-கள் வாக்கில் லண்டன் வியாபாரி யாரோ அதைத் தப்பாப் படிச்சதுதான் 'ட்வீட்' ஆச்சுன்னு சொல்வாங்க.

அந்த ஊர் ஹாரிஸ் ட்வீட் கதை தெரியுமா? தீவுக்காரங்க தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயர்னு 1993-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டமே போட்டது. நம்ம நாட்டிலும் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. ஆனா அங்கே வீட்டு நெசவு கோட்டோட விலையை ஏத்துது. இங்கே பயோடேட்டாவில் ஒளிஞ்சுக்குது. கடுப்பா இல்ல?

"அப்பா, இதை நீங்க நெய்வீங்களா?"

"எதுக்கு முடியாது? மிதிகட்டை நாலு கட்டணும், அவ்வளவுதான். பருத்தியில் போடுவோம்டா. இந்த வெயில்ல கம்பளியை எவன் போடுவான்?"

வாஸ்தவம். சிவகாசி பட்டாசு ஆலைக்குள்ளேயும் பருத்தித் துணிக்குத்தான் மரியாதை. பாலியஸ்டர் உரசினா மின்சாரம் பொறி தட்டிடும்!

கோட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டான். "பயோடேட்டா?"ன்னு கேட்டேன்.

"நாளைக்குத்தாண்ணே புது பிரின்ட் எடுக்கணும்"னான்.