தாமதத்துக்குத் தள்ளுபடி

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெங்களூரு நகரின் போக்குவரத்துக் காவல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. அபராதம் செலுத்துவதற்காக மக்கள் தாமாகவே வந்து நிற்பது நம் நாட்டில் அன்றாடம் காணக் கிடைக்கும் காட்சியன்று. நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை 11ஆம் தேதிக்குள் செலுத்துவோருக்குப் பாதித் தொகை தள்ளுபடி என்று கர்நாடக அரசு அறிவித்திருந்தது. 9 நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது.

அந்தத் தொகையைக் கண்டு பாராட்டியவர்கள் பலர். நாம் அவர்களோடு சேர்ந்துகொள்ளத் தயங்குகிறோம். அதே ஆண்டில் அச்சலுகை மறுபடியும் வழங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. தெலங்கானா அரசோ 2022 மார்ச்சில் இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவீதமும், 2023 டிசம்பரில் 80 சதவீதமும் தள்ளுபடி அளித்தது. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து புடவை எடுப்பது குடும்பச் சிக்கனம். அபராதத்துக்கும் அப்படியொரு பருவம் உண்டு என்று வாகன ஓட்டிகள் கற்றுக்கொண்டால், அதற்கு அவர்களைக் குறை சொல்ல இயலாது. கற்பித்தவர்கள் வேறு.

இந்த வரிசைகளில் நிற்காத ஒருவரை நாம் நினைத்துப் பார்க்கிறோம். சிக்னலைத் தாண்டியது தவறு என்று உணர்ந்து, குறுஞ்செய்தி வந்த வாரத்திலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டவர் அவர். ஓராண்டு கழித்து, பத்து முறை அதே தவற்றைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் பாதித் தொகையோடு விடுபடுகிறார். காலத்தில் கட்டியவருக்கு அரசு சொல்லும் செய்தி என்ன?

வங்கித் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. கடன் தள்ளுபடி அறிவிக்கப்படும்போதெல்லாம், தவணை தவறாமல் கட்டிய வாடிக்கையாளர் எங்கள் மேசைக்கு முன் வந்து அமர்ந்து இதையே கேட்கிறார். எங்களிடம் அவருக்கு நல்ல விடை இருந்ததில்லை. ஆனால் அதே வங்கித் துறையில் இதற்கு நேரெதிரான ஓர் ஏற்பாடும் உண்டு. குறுகிய காலப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்கு அரசு 3 சதவீத வட்டி ஊக்கத்தொகை அளிக்கிறது. 7 சதவீத வட்டி அவருக்கு 4 சதவீதமாகிறது. அச்சலுகை காலத்தில் செலுத்துவோருக்கே உரியது. பிரிட்டனில் வாகனம் நிறுத்துவது தொடர்பான அபராதங்களிலும் இம்முறையே வழங்கிவருகிறது: 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி, பிறகு முழுத் தொகை. பெங்களூரு தந்த அதே 50 சதவீதத்தை முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் தந்திருந்தால், அரசின் கருணையும் குறைந்திராது, ஒழுங்கும் வளர்ந்திருக்கும்.

சட்டம் வலுவற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, புதிய தண்டனைகள் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமமின்றி ஓட்டினால் 5000 ரூபாய். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது காணப்பட்டால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாயும் இரண்டாண்டுச் சிறையும் வரை செல்லலாம். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கும் 10,000 ரூபாய் உண்டு. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரியே குற்றம் செய்தால் அவருக்கு இரு மடங்கு என்று ஒரு பிரிவு இருப்பதையும் சொல்லிவைக்கிறோம். அதைப் படிக்கும்போது மனத்துக்குச் சிறிது ஆறுதல் கிடைக்கிறது.

ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள தொகை சாலைக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடுகிறது. தலைக்கவசம் அணியாதவருக்குப் பாராளுமன்றம் நிர்ணயித்தது 1000 ரூபாய். எதிர்ப்பு எழுந்ததும் அதே செப்டம்பரில் கர்நாடக அரசு அதை 500 ஆக்கியது. தள்ளுபடிக் காலத்தில் அது 250. ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை சிற்றுண்டி அருந்தும் செலவு. அதே பிரிவில், அபராதத்தோடு ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வதற்கும் அப்படியே. தொகையைக் குறித்து எழுந்த கூச்சலில் இந்த மூன்று மாதம் பலர் காதில் விழவே இல்லை. நம்மைக் கேட்டால், தொகையைக் காட்டிலும் இதுவே கூர்மையானது. வசதி படைத்தவருக்கு 1000 ரூபாய் பொருட்டன்று. மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்பது எவருக்கும் பொருட்டே.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் இளைஞருக்கு 500 ரூபாய் என்பது ஒரு நாள் உழைப்பின் பெரும்பகுதி. அத்தகைய அபராதங்கள் சேர்ந்து ஐயாயிரம், பத்தாயிரம் என்று நிற்கும்போது அவரால் எப்படிக் கட்ட முடியும்? தள்ளுபடி அவருக்கல்லவா உதவுகிறது? உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவரது நிலுவை இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம், முதல் அபராதம் அவரை உரிய காலத்தில் தடுத்து நிறுத்தாததே. முதல் வாரத்தில் 250 ரூபாய் கட்டியிருந்தால் இரண்டாவது தவற்றுக்கு முன் அவர் ஒரு கணம் யோசித்திருப்பார். ஓராண்டு கழித்து ஐயாயிரத்தில் பாதியைக் கட்டும்போது, எந்தத் தவறு எந்த நாளில் நிகழ்ந்தது என்பதே அவர் நினைவில் இராது. பிடிபடுவது உறுதி, விளைவு உடனடி என்ற இரண்டும் இருந்தால் சிறு தொகையே போதும். இரண்டும் இல்லாதபோது பெருந்தொகையால் பயனில்லை.

பிடிபடுவது உறுதி என்ற பகுதி இப்போது ஓரளவு கைகூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் பெங்களூருவின் 50 சந்திப்புகளில் எண்பலகையைத் தானே படித்து வழக்குப் பதியும் கேமராக்கள் செயல்படத் தொடங்கின. சிக்னலை மீறுவது, நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்பது, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது, தலைக்கவசமின்மை ஆகியவை அவற்றின் கண்ணுக்குத் தப்புவதில்லை. கேமராவால் எல்லாவற்றையும் காண இயலாது என்பதும் உண்மையே. வெளிவட்டச் சாலையின் ஓரச் சாலைகளில், அடுத்த திருப்பம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் வருவோரையும், நெரிசல் வேளையில் நடைபாதையின் மீதே வண்டியை ஏற்றுவோரையும் தினமும் காண்கிறோம். எதிர்த்திசையில் ஓட்டுவது சட்டத்தின் கண்ணில் வெறும் ஒழுங்கீனம் அன்று. அது ஆபத்தான ஓட்டுதல். முதல் முறைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு. கையில் பிடித்த கைப்பேசியும் சிவப்பு விளக்கை மீறுவதும் இதே பிரிவில்தான் வருகின்றன.

கேமரா பதிவு செய்த குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் பதிவுச் சான்றில் பத்தாண்டுகளுக்கு முந்தைய கைப்பேசி எண் இருந்தால் அந்த அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? வங்கிக் கணக்கில் எண்ணை மாற்றும் நாளிலேயே மத்திய அரசின் 'பரிவாஹன்' இணையதளத்திலும் மாற்றிவிடுவது நல்லது. நிலுவையில் உள்ளவற்றையும் அங்கேயே வாகன எண்ணைக் கொண்டு அறியலாம். வாட்ஸ்அப்பில் வரும் செலானை மட்டும் நம்ப வேண்டாம். காவல்துறையின் முத்திரையோடும் உங்கள் வாகன எண்ணோடும் வந்து, ஏ.பி.கே. என்று முடியும் கோப்பொன்றைத் திறக்கச் சொல்லும் செய்திகள் பரவி வருகின்றன. அதைத் திறந்தால் கைப்பேசியில் நிறுவப்படும் செயலி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படித்துவிடும். 500 ரூபாய் அபராதத்துக்கு அஞ்சியவர் கணக்கிலுள்ள அனைத்தையும் இழக்கிறார். அப்படி நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

இனி, எந்த அரசும் தள்ளுபடி தர இயலாத தண்டங்களுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் தலைக்கவசம் அணியாதிருந்தவர்கள் 50,000 பேருக்கு மேல். பெங்களூரு நகரில் மட்டும் 2023இல் 900க்கும் அதிகமானோர் இறந்தனர். ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு இருக்கக்கூடும். இறந்தவரின் வயது, வருவாய், அவரைச் சார்ந்திருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகை எளிதில் பல இலட்சங்களைத் தொடும், கோடியையும் தாண்டியதுண்டு.

மூன்றாம் தரப்புக் காப்பீடு இருந்தால் அத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். காப்பீடு இல்லாமல் ஓட்டுவதற்கான அபராதம் 2000 ரூபாய் என்பதைப் பார்த்து, 'பிடிபட்டால் கட்டிவிட்டுப் போகலாம்' என்று கணக்குப் போடுவோரை நாம் அறிவோம். அவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். காப்பீடு காலாவதியான நாளில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அதை நிலவரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்ததும், ஓய்வுக்காலத்துக்கென்று வைத்ததும் அதற்குள் போய்விடக் கூடும். காப்பீடு இருந்தும் தப்ப முடியாத நிலையும் உண்டு. முறையான உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறி.

பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்குச் சாவியைத் தரும் பெற்றோர் இதைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினெட்டு நிறையாதவர் குற்றமிழைத்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அவர்களுக்கு; வாகனப் பதிவு ஓராண்டுக்கு இரத்து; அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இருபத்திரண்டு வயதில், வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் வேலை ஒன்று வரும்போது, அந்த ஒரு மாலை நேரச் சவாரியின் விலை வீட்டாருக்குப் புரியும்.

எங்கள் கிளைகளில் அடிக்கடி காணும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி எடுத்த வண்டியை, தவணை முடிந்ததும் பலர் விற்றுவிடுகிறார்கள். 29, 30 எண் படிவங்களில் தேதியிடாமல் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்வதோடு தம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். பலர் கைமாறிய ஒரு காரின் வழக்கில், பெயர் மாற்றப்படாத நிலையில் முதலில் பதிவு செய்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேமரா அனுப்பும் செலானும் அவருக்கே வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை.

கடன் முடிந்ததும் வங்கி தரும் தடையில்லாச் சான்றையும் 35ஆம் எண் படிவத்தையும் அதே அலுவலகத்தில் அளித்துப் பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளாவிட்டால், பெயர் மாற்றமே தடைபடும். தடையில்லாச் சான்றுக்குப் பொதுவாக மூன்று மாதக் காலவரம்பு உண்டு. அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, ஈராண்டு கழித்து வண்டியை விற்கும்போது எடுத்துக்கொண்டு வருவோர் ஏராளம். அவர்களுக்குப் புதிய சான்று வழங்கப்படும். கையோடு அலுவலகம் சென்று பெயர் நீக்கத்தையும் பெயர் மாற்றத்தையும் முடித்துவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.