ரஷ் எழுதியது பாதிக் கதை



1793, பிலடெல்பியா. மஞ்சள் காய்ச்சலில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வசதியுள்ளவங்க ஊரைவிட்டே ஓடிட்டாங்க. கறுப்பின மக்களை இந்த நோய் தொற்றாது என்று நம்பிய டாக்டர் பெஞ்சமின் ரஷ், நோயாளிகளைக் கவனிக்க அவர்களை அழைத்தார். போனார்கள், அவர்களும் செத்தார்கள். தான் நினைத்தது தப்பு என்று ரஷ் பிறகு தன் நூலில் ஒத்துக்கொள்கிறார். யாருடைய உயிரில் கற்ற பாடம் அது!

இதற்கிடையில் பதிப்பாளர் மேத்யூ கேரி, கறுப்பினத் தாதியரில் சிலர் கூலியைக் கறந்தார்கள், திருடினார்கள் என்று எழுதி விற்றார். அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் சும்மா விடலை. 1794இல் கணக்கோடு பதில் அச்சிட்டார்கள்: 1792இல் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 67, 1793இல் 305. கேரியும் நடுவில் ஊரைவிட்டுப் போனவர்தான் என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் ஜோன்ஸ்–ஆலன் முதலில். ரஷ் அப்புறம்.