சான்றிதழா பிரசவம் பார்க்கும்?

திருபுவனையில் நடுராத்திரி ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு இடுப்புவலி எடுக்கிறது. அவளுக்கு வேண்டியது என்ன? விழித்திருக்கும் டாக்டர், பழகிய நர்ஸ், ரத்தப்போக்கு கண்டால் உடனே போட ஊசி, புறப்படத் தயாராக ஒரு வண்டி. டில்லி சர்க்காரோ ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டச் சான்றிதழ் தருகிறது!

2018 செப்டம்பரில் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்று தம்பட்டம் அடித்தார்கள். என்.ஏ.பி.எச். என்ற தரச்சான்று பெற்ற ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைத் தொகையோடு கூடுதல் பணம் என்றும் விதி வகுத்தார்கள். ஆரம்பச் சான்றுக்கு நூற்றுக்குப் 10. முழுச் சான்றுக்கு 15. சான்று கேட்டு மனுப்போடவே கட்டணம். பணம் படைத்தவன் கட்டுவான். கட்டியதை ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து திரும்ப எடுப்பான். சதவீதக் கணக்கல்லவா? பில் பெரிதானால் பரிசும் பெரிது!

இதில் கத்தியின் கதையையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நூறு பிரசவத்தில் சுமார் 14 சிசேரியன். தனியாரிடம் 47! நம் பெண்களின் உடம்பு ஆஸ்பத்திரி வாசலைப் பொறுத்தா மாறுகிறது?

தரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழுக்கு அறையில் பிள்ளை பெற ஏழை மட்டும் என்ன பாவம் செய்தாள்? ஆனால் தரத்தை உண்டாக்குவது யார் என்பதே கேள்வி. 2017 டிசம்பரில் பிரசவ அறைகளைச் சீர்திருத்த ‘லக்ஷ்யா’ திட்டம் அறிவித்தார்கள். அது மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, சமுதாய சுகாதார நிலையத்தோடு நின்றது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் அன்றைய பட்டியலில் இல்லை.

அதற்கு முன்பே, 2012 விதியில், ஒரு விசித்திரம் இருந்தது. மாதம் 20 பிரசவத்துக்குக் குறைந்த ஆரம்ப சுகாதார நிலையம் ‘ஏ’ வகை. அங்கே 3 நர்சுகள். இருபதை எட்டினால் ‘பி’ வகை, 4 நர்சுகள். ஆள் போதாத இடத்துக்கு எந்தத் தாய் நம்பிப் போவாள்? போகாவிட்டால் பிரசவம் குறைவு. குறைவென்றால் ஆள் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஊறட்டும், பிறகு கயிறு தருகிறேன் என்ற கதை!

இன்ஷ்யூரன்ஸ் கணக்காவது ஒழுங்கா? 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டுக்கு வந்த தணிக்கை அறிக்கை சொல்கிறது: 9999999999 என்ற ஒரே டெலிபோன் எண்ணில் சுமார் ஏழரை லட்சம் பேரின் பெயர்! பட்டியலில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் குறைந்தபட்ச வசதிகூட இல்லையாம். இதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடு.

பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று 1946-லேயே போர் கமிட்டி கூறிவிட்டது. அதுவும் பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த கமிட்டி!

தனியாருக்குக் கொடுக்கும் அந்தப் பத்தையும் பதினைந்தையும் நிறுத்துங்கள். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சுகாதார நிலையங்களில் இரவு டாக்டரும், நிரந்தர நர்சும், பிரசவ வண்டியும் அந்தப் பணத்தில் வையுங்கள். எத்தனை பேரை, எந்தத் தேதிக்குள் நியமிப்பீர்கள்? புதுவை சர்க்கார் பதில் சொல்லட்டும்.