சிரட்டைச் சோறும் கண்ணாடி அலமாரியும்

முற்றத்தில் ஒரு பிள்ளை சிரட்டையில் மண் நிரப்பிச் சோறு ஆக்குகின்றது. புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துப் புகைவண்டி விடுகின்றது. உம்மா இடியப்பத்துக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக் குருவி செய்கின்றது. இவற்றைக் காணும் நம் பெரியவர்களின் வாயில் வரும் சொல் ஒன்றே: 'வீண் வேலை!'

இச்சொல்லை நாம் ஏற்கவில்லை. வீண் என்று தள்ளப்படும் அந்த மகிழ்ச்சியே பிள்ளைக்கு வாய்த்த முதற் செல்வம். அதைப் பறிப்போர், பின்னாளில் 'எதைக் கொடுத்தாலும் இவனுக்குப் போதவில்லை' என்று புலம்பும் உரிமையை இழக்கின்றனர். பறிப்போர் மூவகையினர்: மார்க்கத்தின் பெயரால் பறிப்போர், படிப்பின் பெயரால் பறிப்போர், பாசத்தின் பெயரால் பறிப்போர்.

முதல் வகையினர், இம்மை வாழ்வை விளையாட்டு என்றும் வேடிக்கை என்றும் குறிக்கும் இறைவசனங்களை எடுத்துக்காட்டிப் பிள்ளைகளை அதட்டுகின்றனர். அவ்வசனங்கள் யாரை நோக்கியவை? மறுமையை மறந்து பொருளிலும் பெருமையிலும் மூழ்கிய பெரியவர்களை நோக்கியவை. பருவம் எய்தாத பிள்ளையின் மீது ஏட்டில் எழுதும் எழுதுகோலே உயர்த்தப்பட்டிருக்கின்றது என்பது மக்தபின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் பாடம். பெரியவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையைத் தங்கள் தோளிலிருந்து இறக்கிப் பிள்ளையின் தலையில் வைப்பது என்ன நியாயம்?

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். 'உண்டு களித்து விளையாட இளையவனை எங்களுடன் அனுப்புங்கள்' என்ற கருத்துப்பட அண்ணன்மார் தந்தையிடம் கேட்டனர். யஃகூப் (அலை) ஓநாய்க்கு அஞ்சினார்கள், பிரிவுக்கு வருந்தினார்கள். விளையாட்டை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. நபியான தந்தை குறை காணாத ஒன்றில் நமக்கு மட்டும் குறை தோன்றுவது ஏன்?

இளவயதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு விளையாட்டுக் குதிரை இருந்தது. அதற்குக் கந்தைத் துணியால் இரு சிறகுகள். குதிரைக்கும் சிறகுண்டோ என அண்ணலார் (ஸல்) வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் மறுமொழி கூறினார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றது. கந்தைத் துணி சிறகானபோது அந்த வீட்டில் எழுந்தது சிரிப்பு. நம் வீடுகளில் எழுவதோ அதட்டல்!

அபூ உமைர் என்னும் சிறுவனின் குருவி இறந்தது. துயருற்றிருந்த பாலகனிடம் அண்ணலார் எதுகை நயம்படக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஷாஃபியீ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (மறைவு ஹிஜ்ரி 335) இந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி ஏடே எழுதினார். ஒரு குருவியில் அறுபது பாடங்களைக் கண்டவர்களின் வழிவந்தோர் நாம். ஆயினும் ஒரு பிள்ளையின் குருவிக்காக அரை நிமிடம் நிற்க நமக்கு நேரமில்லை.

இரண்டாம் வகையினர் படிப்பைச் சொல்கின்றனர். 'காலம் போட்டி நிறைந்தது. விளையாடிக்கொண்டிருந்தால் பிழைப்பது எப்படி?' என்கின்றனர். படிப்பு வேண்டாம் என்று நாமா சொல்கின்றோம்? ஆசிரியத் தொழிலே நம் வாழ்வு! பள்ளி, அது முடிந்ததும் டியூஷன், பின்னர் மத்ரஸா, அதற்கு மேல் வீட்டுப்பாடம் என்று வைகறை முதல் இரவு வரை பிள்ளையை நெருக்குவதையே எதிர்க்கின்றோம். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதற்கு விடை தந்துவிட்டார்கள். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்துக் கல்வியையே ஓயாது சுமத்தினால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்பது அவர்களின் கருத்து. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தன் 31ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என வகுத்தது. உலகம் அதனைச் சட்டமாக எழுதுமுன்னரே இமாம் அவர்கள் அறிவுரையாகத் தந்தார்கள். நாமோ இரண்டையும் மதிக்கவில்லை.

மூன்றாம் வகையினர் பாசமிக்கவர்கள். ஆதலால் அவர்களிடம் பேசுவதே கடினம். வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் வாப்பா, ஈராண்டுக்கு ஒருமுறை வருகையில் பெட்டி நிறைய விளையாட்டுப் பொருள் கொண்டு வருகின்றார். அவை போய்ச் சேரும் இடம் எது? கூடத்துக் கண்ணாடி அலமாரி! பிள்ளை தொட்டால் உடைந்துவிடுமாம். விருந்தினர் பார்க்க வேண்டுமாம். வாப்பாவின் வியர்வை கண்ணாடிக்குள் காட்சிப் பொருளாகின்றது. பிள்ளையோ வெளியே நின்று ஏங்கக் கற்றுக்கொள்கின்றது.

இன்னொரு பாசம், அழுகின்ற பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணிப்பது. இரண்டு வயது நிறையாத குழந்தையைத் திரையின் முன் அமர்த்துதல் தகாது, நான்கு வயது வரையில் நாளுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. நம் இல்லங்களில் ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிப்பதற்குள் அந்த அளவு தீர்ந்துவிடுகின்றது!

சிரட்டைக்கும் திரைக்கும் உள்ள வேற்றுமை விலையில் இல்லை. சிரட்டை இன்று சட்டி, நாளை பறை, மறுநாள் ஓடம். அதை அவ்வாறெல்லாம் ஆக்குவது பிள்ளையின் உள்ளம். திரையோ யாவற்றையும் தானே ஆக்கிக்கொள்கின்றது. பிள்ளைக்கு அங்கே பார்ப்பதைத் தவிர வேலையில்லை.

நம் தமிழ் இதை அறியாததன்று. பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்களில் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றிலும் 'சிறு' என்னும் அடை முன்னிற்பதைக் காண்க. அதற்கு முந்தையதான அம்புலிப் பருவத்தில் வான்மதியே விளையாட்டுத் தோழனாகின்றது. இம்மரபில் இஸ்லாமியப் புலவர்களும் பாடியிருக்கின்றனர். பாட்டுடைத் தலைவர் எத்துணை உயர்ந்தவராயினும், பிள்ளையாக நிற்கையில் அவருக்குச் சிறியனவே போதும் எனக் கண்ட மரபு அது.

'போதும்' என்னும் இம்மனத்துக்கு அரபியில் கனாஅத் என்று பெயர். மிம்பரில் அதைப் பற்றி அழகாகப் பேசுகின்றோம். ஆனால் கனாஅத் மிம்பரில் பிறப்பதன்று; முற்றத்தில் பிறப்பது. ஒரு சிரட்டையில் நிறைவு காணும் பிள்ளையிடம் அது இயல்பாகவே இருக்கின்றது. அதட்டியும் நெருக்கியும் வாங்கிக் குவித்தும் அதை அணைத்துவிட்டு, இருபது வயதில் அவனைப் பார்த்து நிறைவைப் பற்றி உபதேசிப்பது, விளக்கை ஊதி அணைத்தவன் இருட்டைக் குறை கூறுவதை ஒக்கும்.

வறுமையைப் போற்றுகின்றோம் என எவரும் திரித்துரைக்க வேண்டா. பிள்ளைக்கு நல்லுணவும் நூலும் உடையும் தருவது பெற்றோர் கடன். அக்கடனைச் செய்தபின், பிள்ளை தானே கண்டெடுத்த மகிழ்ச்சியில் கை வைக்காதீர்கள் என்பதே நம் கோரிக்கை.

ஆகவே அலமாரியைத் திறந்துவிடுங்கள், உடைந்தால் உடையட்டும். மாவில் ஓர் உருண்டையை ஒதுக்கிக் கொடுங்கள். மாலைப்பொழுதில் ஒரு மணி நேரத்தைப் பாடமும் திரையும் தொடாமல் விட்டுவையுங்கள். சிரட்டையில் ஆக்கிய சோற்றைப் பிள்ளை உங்கள் முன் கொண்டுவந்து வைக்கும்போது, அமர்ந்து உண்பது போல் உண்டு, உப்புச் சரியாக இருக்கின்றது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.