மலிவு டிக்கெட்: அட்லாண்டிக் வான்வழியில் நடப்பது என்ன?

2025 செப்டம்பர் 29 அன்று ஐஸ்லாந்தின் 'பிளே' விமான நிறுவனம் தனது சேவைகள் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்தியது. சுமார் 400 ஊழியர்கள் வேலை இழந்தனர். டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில், வேறு நிறுவனத்தில் இடம் தேடிக்கொள்ளுங்கள் என்பதுதான். அதே ஐஸ்லாந்தில் 2019 மார்ச் 28 அன்று 'வாவ் ஏர்' இப்படித்தான் மூடியது. அதற்கு முன், 2018 அக்டோபரில் 'பிரைமேரா ஏர்'. மூன்றுமே ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு யாரும் தராத விலையில் டிக்கெட் விற்றவை.

லண்டனில் ஒரு மகன், டொராண்டோவில் ஒரு மகள், நியூயார்க்கில் சம்பந்தி வீடு என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. எனவே இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல.

இந்த முயற்சி புதிதும் அல்ல. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ்காரர் 'ஸ்கைட்ரெயின்' சேவையைத் தொடங்கினார். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒருவழிக் கட்டணம் 59 பவுண்ட். முன்பதிவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. மக்கள் வரிசையில் காத்துக் கிடந்து பயணம் செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் தாங்களும் விலையைக் குறைத்தன. 1982 பிப்ரவரி 5 அன்று கோடிக்கணக்கான பவுண்ட் கடனோடு லேக்கர் வீழ்ந்தார். பின்னால் வந்தவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே.

ஏன் நிற்க முடியவில்லை? சென்னை–மதுரை போன்ற குறுகிய வழியில் ஒரு விமானம் ஒரு நாளில் பலமுறை போய்வரும். இறங்கிய அரை மணியில் மீண்டும் கிளம்பும். மலிவு நிறுவனங்களின் லாபம் அந்த வேகத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானமோ ஒரு நாளில் ஒருமுறை போய்த் திரும்புவதே பெரிய காரியம். கோடையில் இடம் கிடைக்காது, குளிர்காலத்தில் ஆள் கிடைக்காது. பழைய நிறுவனங்கள் முன்வரிசையின் பிசினஸ் வகுப்பிலும் சரக்கிலும் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். 'நார்வீஜியன்' நிறுவனத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின் கோளாறு, 737 மேக்ஸ் விமானங்களின் தடை, பிறகு கொரோனா என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. 2021 ஜனவரியில் தொலைதூரச் சேவையையே கைவிட்டது.

அதன் பழைய ட்ரீம்லைனர் விமானங்களை எடுத்துக்கொண்டு 2022 ஜூனில் பறக்கத் தொடங்கியது 'நார்ஸ் அட்லாண்டிக்'. அந்த நிறுவனம் 2025ல் தன் விமானங்களில் சிலவற்றை நம் நாட்டு இண்டிகோவுக்கு வாடகைக்கு விட்டது. மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இண்டிகோ பறந்தது அவற்றில்தான். மலிவு டிக்கெட் விற்பதைவிட விமானத்தை வாடகைக்கு விடுவது நிச்சயமான வருமானம் என்று அந்த நிறுவனமே கணக்குப் போட்டிருப்பதாக நான் இதைப் படிக்கிறேன். விமானங்கள் குறைவாக உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதானால் மாற்று விமானம் இருக்காது. தாமதம் மணிக்கணக்கில் அல்ல, நாள் கணக்கில் போகலாம்.

இனி கட்டணம். விளம்பரத்தில் தெரியும் தொகை பெரும்பாலும் இருக்கைக்கும் ஒரு கைப்பைக்கும் மட்டுமே. பெட்டி, சாப்பாடு, சேர்ந்து உட்கார இடம் எல்லாம் தனி. பெட்டிக்கு முன்கூட்டியே கட்டினால் ஒரு தொகை, விமான நிலையத்தில் கட்டினால் அதைவிடக் கூடுதல். தனியாகப் போகும் மாணவருக்கு இது உண்மையிலேயே லாபம். அரிசி மாவு, ஊறுகாய், பிள்ளைகளின் துணி என்று ஆறு பெட்டியோடு கிளம்பும் ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த லாபம் கரைந்துவிடும். 2018ல் டெல்டா, அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனங்களும் இந்த வழிகளில் பெட்டி சேராத அடிப்படைக் கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டன. எனவே பெரிய பெயர் என்பதால் பெட்டி உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. வரி யாரிடம் வாங்கினாலும் உண்டு. பிரிட்டனிலிருந்து நியூயார்க் செல்ல எகானமி வகுப்பில் 2025 ஏப்ரலில் 90 பவுண்ட் பயணிகள் வரி இருந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை.

விற்பவர் குறையை மறைக்கக் கூடாது என்று கொடுக்கல் வாங்கல் பாடத்தில் படித்தோம். இங்கே குறை மறைக்கப்படவில்லை, பத்தாவது திரையில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வாசிக்க வேண்டியது நம் வேலையாகிவிட்டது.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் திசையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த விமானமும் நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். பிரிட்டனிலிருந்து கிளம்பினால் 520 பவுண்ட். ஆனால் அமெரிக்க நிறுவனத்தில் நியூயார்க்கிலிருந்து திரும்பி வரும்போது இந்த உரிமை கிடையாது. அமெரிக்க விதிப்படி, சர்வதேசப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் மாறி, நீங்கள் போகவில்லை என்று முடிவு செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இவை எல்லாம் நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான். மூடிவிட்டால் நீங்கள் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது தனித்தனி டிக்கெட்டில். சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹீத்ரோவில் இறங்கும். நார்ஸ் நியூயார்க்குக்குக் கிளம்புவது கேட்விக்கிலிருந்து. இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் பிடித்துப் போக வேண்டும். அதற்கான விசா விதியையும் பார்க்க வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, புதிதாக டிக்கெட் வாங்க வேண்டியதுதான். வயதான தாய் தந்தையரை இப்படி அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே டிக்கெட்டில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால், இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமையாகிறது.

மலிவு நிறுவனத்தில்தான் போவது என்றால் நாள் கடந்தாலும் பரவாயில்லாத பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நிக்காஹ்வுக்கும் பரீட்சைக்கும் வேண்டாம். பிரிட்டனில் இருப்பவர்கள் 100 பவுண்டுக்கு மேற்பட்ட டிக்கெட்டை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், நிறுவனம் மூடினாலும் கார்டு தந்த வங்கியிடம் பணத்தைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வட்டிக்கு அஞ்சி கிரெடிட் கார்டைத் தவிர்ப்பவர்கள் டெபிட் கார்டில் வாங்கியிருந்தாலும் 'சார்ஜ்பேக்' முறையில் வங்கியிடம் முறையிடலாம். அது சட்ட உரிமை அல்ல, கார்டு நிறுவனங்களின் ஏற்பாடு. அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், செய்தி வந்த வாரமே எழுதிவிட வேண்டும்.